மருதடியூரில் மோட்டார் ஓடுது

கரண்டு பில்லு ஜாஸ்தியாயிட்டுன்னு போன்ல அந்தச் சத்தம் போட்டீங்களே அண்ணாச்சி, நான் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். ஒட்டுக் கேக்கல. பக்கத்து சீட்டுல உக்காந்துக்கிட்டு காதைப் பொத்திக்கவா முடியும்? "அந்த ஆபீஸ்ல இருக்கவன் பூராவும் திருட்டுப்பய"ன்னீங்க பாருங்க, அப்பதான் லேசா இருமினேன். நானும் அந்த ஆபீஸ்தான். அடிச்சிராதீங்க. நான் பில்லு போடுதவன் இல்ல, ஃபியூஸைப் பிடுங்குதவனும் இல்ல. நான் புள்ளிவிவரம்.

சிரிக்கீங்க. எல்லாரும் சிரிப்பாவ. எங்க வீட்டுக்காரியே, பொண்ணு பாக்கப் போனப்போ நான் வேலையைச் சொன்னதும் சிரிச்சவதான். ஆனா அண்ணாச்சி, ஒரு ஊருக்கு எவ்வளவு கரண்டு போச்சு, எவ்வளவு வித்துச்சு, எவ்வளவு துட்டு வந்துச்சுன்னு ஒருத்தன் உக்காந்து பாக்கலைன்னா, எதை வச்சு கம்பி இழுப்பாவ, எதை வச்சு டிரான்ஸ்பார்மர் வைப்பாவ? எங்க கோட்டத்துல இருக்க ஒவ்வொரு செக்‌ஷன் ஆபீஸும் மாசாமாசம் எனக்கு ஒரு ஸ்டேட்மென்ட் தரணும். வீட்டுக்கு இத்தனை யூனிட்டு, கடைக்கு இத்தனை, மில்லுக்கு இத்தனை, வசூல் இவ்வளவுன்னு. சும்மா தருவானுவளா? கல்லுல நார் உரிக்க வேலை. போன் பண்ணணும், பெறவு நேர்ல போயி நிக்கணும். நான் படியேறுததைப் பாத்தாலே, "ஸ்டேட்மென்ட் செண்பகராமன் வந்துட்டான்டே"ன்னு டீ குடிக்கப் போயிருவானுவ. நானும் விடமாட்டேன். டீக்கடைக்கே போயி நிப்பேன்.

வாங்கினா மட்டும் போதுமா? அதைப் படிக்கணும். போன வருசம் இதே மாசத்தோட வச்சுப் பாக்கணும். ஏன் கூடுச்சு, ஏன் கொறைஞ்சுது? கோயில் கொடை வந்துச்சா, மில்லை மூடுனானா, பள்ளிக்கூடம் லீவா? கீழே ஒரு குறிப்பு எழுதணும். என் குறிப்பை வாசிச்சா போதும், அந்த ஊர்ல என்ன நடந்துச்சுன்னு கண்ணால பாத்த மாதிரி தெரியும். பெருமைக்குச் சொல்லல. தலைமை ஆபீஸ்ல உள்ளவுகளே சொன்னது அது.

முறுக்கு எடுத்துக்கோங்க. மணப்பாறை முறுக்கு. என் தங்கச்சிக்கு வாங்கினது, ஒண்ணு கொறைஞ்சா தெரியாது.

ஆமா, அவளைப் பாக்கத்தான் திருப்பூருக்குப் போறேன். முப்பிடாதின்னு பேரு. எனக்கு இளையவ. அவ வீட்டுக்காரரு, எங்க மாப்பிள்ளை ஆவுடையப்பன், இப்ப அங்க ஒரு சாயப்பட்டறையில வாட்ச்மேனா இருக்காரு. அவ பனியன் கம்பெனியில பிசிறு வெட்டுதா. மக இசக்கிலெட்சுமியும் அங்கேயேதான். நர்ஸுக்குப் படிச்சுக்கிட்டிருந்த பிள்ள, பாதியில நிறுத்திட்டு இப்ப தையல் மிஷின்ல உக்காந்திருக்கா. பாதியில என்னத்துக்கு நிறுத்துனாவன்னு கேட்டா, என்னைக் கை காட்டுதாவ. நியாயமா? நீங்களே சொல்லுங்க. முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க.

அவுகளுக்கு மருதடியூர்ல எலுமிச்சைத் தோட்டம் இருந்துச்சு. நல்ல தோட்டம் அண்ணாச்சி. எலுமிச்சை ஒண்ணும் கத்திரிக்காய் மாதிரி இல்ல. நட்டு, காவக் காத்து, நாலஞ்சு வருசம் வாயக் கட்டி வயித்தக் கட்டித்தான் காய் பாக்கணும். காய்க்க ஆரம்பிச்சிட்டா பெறவு கவலையில்ல, சாக்கு சாக்கா மார்க்கெட்டுக்குப் போகும். கோடையிலதான் விலை. கோடையிலதான் தண்ணியும் வேணும். மாப்பிள்ளை அந்த மரத்தை எல்லாம் பேரு சொல்லிக் கூப்பிடாத குறை. நான் போனா ஒரு பை நிறைய பறிச்சுத் தருவாரு. எங்க வீட்டுல ஊறுகாய்க்குக் காசு குடுத்து எலுமிச்சை வாங்கினதே கிடையாது.

பங்குனி மாசம் அந்த ஊரு டிரான்ஸ்பார்மர் எரிஞ்சு போச்சு.

எரியுததுதான். கோடையில எல்லா மோட்டாரும் ஒண்ணா ஓடினா எரியத்தான் செய்யும். ஊர்க்காரங்க போயி செக்‌ஷன் ஆபீஸ்ல சொன்னாவ. அங்க இன்ஜினியரு, ஏ.இ., ஒரு சின்னப் பையன், சாமுவேல்ராஜ்னு, நல்ல பையன், ஆனா அவசரக்காரன். அவன் வந்து பாத்து, வேற டிரான்ஸ்பார்மர் வேணும்னு உடனே பெரிய ஆபீஸுக்கு எழுதிட்டான். அங்க என்ன செய்வாவ? எரிஞ்சது பத்து ஊர்ல, கையில இருக்கது ரெண்டு. எந்த ஊருக்கு மொதல்ல குடுக்கன்னு பாக்க என் ஸ்டேட்மென்டை எடுத்து விரிச்சாவ. விரிச்சுப் பாத்தா, மருதடியூர் டிரான்ஸ்பார்மர்ல பங்குனி மாசம் போன வருசத்தைவிட ஜாஸ்தி கரண்டு ஓடியிருக்கு!

"எரிஞ்ச டிரான்ஸ்பார்மர்ல எப்படிய்யா கரண்டு ஓடும்? விளக்கம் தரவும்"னு கடுதாசி திரும்பி வந்துட்டு.

இருங்க, இருங்க. இப்ப என்னைப் பாக்கீங்க பாருங்க ஒரு பார்வை, என் மச்சினன்மாரும் இப்படித்தான் பாத்தானுவ. அவசரப்படாதீங்க. இதுல ஒரு சூட்சுமம் இருக்கு.

விவசாயிக்குக் கரண்டு ஓசி. தெரியும்லா? ஓசிங்கதால மீட்டர் கிடையாது. மீட்டர் இல்லைன்னா எவ்வளவு ஓடிச்சுன்னு எப்படித் தெரியும்? ஆனா தெரிஞ்சே ஆகணும். விவசாயி குடுக்காத துட்டை அரசாங்கம் எங்களுக்குக் குடுக்கு. எவ்வளவு ஓடிச்சுன்னு சொன்னாத்தான குடுக்கும்? அதுக்காக ஒவ்வொரு செக்‌ஷன்லயும் ஒரு டிரான்ஸ்பார்மரைத் தேர்ந்தெடுத்து, அதுல மட்டும் ஒரு மீட்டரை மாட்டி வச்சிருக்கோம். அதுல ஓடுததைப் பாத்து, ஒரு மோட்டாருக்கு இவ்வளவுன்னு கணக்குப் போட்டு, அந்தச் செக்‌ஷன்ல உள்ள அத்தனை மோட்டாருக்கும் பெருக்கிக்கிடணும். ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம். அவ்வளவுதான் சங்கதி. ஊருக்கெல்லாம் மீட்டர் மாட்டவா முடியும்? மாட்டப் போனா மம்பட்டியைத் தூக்கிக்கிட்டுல்லா வருவான்.

எங்க தெக்குச் செக்‌ஷனுக்குப் பதம் பாக்க எடுத்த சோறு, மருதடியூரு. நான்தான் எடுத்துக் குடுத்தேன். தங்கச்சி இருக்க ஊராச்சே, மீட்டரை எவனும் கைவைக்காம பாத்துக்கிடுவாவன்னு ஒரு நம்பிக்கை. மாப்பிள்ளையும் அப்படித்தான் பாத்துக்கிட்டாரு. மீட்டர் பெட்டிக்கு மேல ஓலை வேஞ்சு குடுத்தாரு மனுசன், மழை படக்கூடாதுன்னு.

இப்பச் சொல்லுங்க. அந்த டிரான்ஸ்பார்மர் எரிஞ்சு போச்சு, மீட்டர் ஓடல. நான் என்ன எழுத? பூஜ்யம்னு எழுதட்டா? எழுதலாம். எழுதினா என்ன ஆகும்? பூஜ்யத்தை எதால பெருக்கினாலும் பூஜ்யம். தெக்குச் செக்‌ஷன்ல உள்ள அத்தனை ஊர்லயும், அத்தனை கிணத்துலயும், அந்தக் கோடையில ஒரு மோட்டார்கூட ஓடலைன்னு ஆயிரும். அது பொய்யில்லையா? பக்கத்து ஊர்லல்லாம் தடதடன்னு ஓடிக்கிட்டிருக்கு. ஒரு ஊருக்காகப் பூராவுக்கும் பொய் எழுதச் சொல்லுதீங்களா? எடுத்த ஒரு சோறு கருகிட்டுன்னா பானையையே சாக்கடையில கொட்டிர முடியுமா அண்ணாச்சி?

அதுக்குத்தான் ஒரு முறை இருக்கு. மீட்டர் ஓடலைன்னா, போன வருசம் இதே மாசம் என்ன ஓடிச்சோ அதை எடுத்து, வளர்ச்சிக்கின்னு கொஞ்சம் சேத்துப் போட்டுக்கிடணும். நானா கண்டுபிடிக்கல. எனக்கு முன்னால இருந்தவரும் அப்படித்தான் போட்டாரு, அவருக்கு முன்னால இருந்தவரும் அப்படித்தான். நானும் அப்படிப் போட்டேன். முறைப்படி போட்டேன்.

சாமுவேல்ராஜ் கடுதாசியைத் தூக்கிக்கிட்டு என் மேசைக்கு வந்தான். "செண்பகராமன் சார், அந்த ஒரு மாசத்தைத் திருத்திக் குடுத்திருங்க. ஓடலைன்னு ஒரு வரி. அதை வச்சு நான் டிரான்ஸ்பார்மரை வாங்கிருவேன்"ன்னான்.

"தம்பி, உக்காருங்க"ன்னு உக்கார வச்சு, இப்ப உங்களுக்குச் சொன்னதை அவனுக்கும் சொன்னேன். பெருக்கிக் காட்டினேன். அவ்வளவு யூனிட்டும் இல்லைன்னு ஆயிட்டா, அனுப்பின கரண்டெல்லாம் எங்க போச்சுன்னு கேப்பான். களவு போச்சான்னு கேப்பான். வழியில காணாமப் போற கரண்டு, அதான் லைன் லாஸ், மேல நிக்கும். மானியம் வராது. எங்க பெரிய இன்ஜினியரு எஸ்.இ. ஐயா தலைதான் உருளும். அதுவும் அந்த வருசம் எங்க கோட்டத்துக்கு லாஸ் கம்மின்னு கேடயம் குடுக்கப் போறதா பேச்சு.

"சார், அங்க மரம் காயுது சார்"ன்னான்.

"காயுதது எனக்கும் தெரியும் தம்பி. அது என் தங்கச்சி தோட்டம்"ன்னேன்.

ஒருமாதிரி பாத்தான். எந்திரிச்சுப் போயிட்டான். நான் சொல்லல, அவசரக்காரன்னு?

நான் சும்மா இருந்தேன்னு நெனைக்காதீங்க. சொந்தத் தங்கச்சியாச்சே, சும்மா இருப்பேனா? அன்னிக்கே உக்காந்து தலைமை ஆபீஸுக்கு எழுதினேன். மருதடியூருக்குப் பதிலா வேற ஊரைப் பதம் பாக்க எடுத்துக்கிட அனுமதி வேணும்னு. அனுமதி வந்துட்டா, மருதடியூரைத் தனியாப் பிரிச்சிரலாம். பிரிச்சிட்டா, பூஜ்யம்னு தாராளமா எழுதலாம், ஒருத்தனும் கேக்கமாட்டான். நல்ல வழிதானே? மூணு நகல் எடுத்து, முறைப்படி, எஸ்.இ. ஐயா வழியா அனுப்பினேன். அவுக எந்த ஊருன்னு கேட்டாவ. எழுதினேன். அந்த ஊரு மண்ணு, பயிரு, கிணத்து ஆழம் எல்லாம் இதே மாதிரிதானான்னு கேட்டாவ. அதையும் போயிப் பாத்து எழுதினேன். வெயில்ல அலைஞ்சு கால்ல கொப்புளம்.

அதுக்குள்ள சித்திரை வந்துட்டு. சித்திரை மாசத்துக்கும் ஸ்டேட்மென்ட் அனுப்பணும்லா? அனுமதி வரல. என்ன செய்ய? போன வருசத்துச் சித்திரையைப் போட்டேன். வளர்ச்சியும் சேத்துப் போட்டேன்.

மாப்பிள்ளை டீசல் இன்ஜினை வாடகைக்குப் பிடிச்சுப் பாத்தாரு. கிணத்துல தண்ணி கிடந்துச்சு, மேல ஏத்தத்தான் வழியில்ல. டீசல் விக்க விலைக்கு எத்தனை நாளைக்கு இறைப்பாரு? கட்டுப்படியாகல, திருப்பி விட்டுட்டாரு. பெறவு ரெண்டு பேருமா குடத்துல கோரி மரம் மரமா ஊத்துனாவளாம். எந்த மரத்துக்கு ஊத்த, எதை விடன்னு வீட்டுக்குள்ள சண்டை வேற. பிஞ்சு உதிர ஆரம்பிச்சிட்டு. இலை சுருண்டுட்டு. இசக்கிக்கு அந்த வருசம் காலேஜுக்குக் கட்ட வேண்டியது அந்தக் காய்லதான் இருந்துச்சு. அதையும் எனக்குச் சொல்லி அனுப்புனாவ. நான் என்ன செய்ய? எங்க வீட்டுலயும் கல்யாணத்துக்கு ஒருத்தி நிக்கா.

வைகாசியில ஒருநாள் மத்தியானம் முப்பிடாதி ஆபீஸுக்கே வந்துட்டா. மாசம் முடிஞ்சு கணக்கை மூடுத நாளு. தலையைச் சொறிய நேரமில்ல. இருந்தாலும் கூடப்பொறந்தவ வெயில்ல வந்திருக்காளேன்னு டீ வாங்கியாரச் சொன்னேன். அவ உக்காரல. ஒரு பையைக் கொண்டாந்திருந்தா. அப்படியே என் மேசை மேல கவுத்தா. எலுமிச்சை. கோலிக்குண்டு சைசுல, தோலு சுருங்கிப் போயி. உருண்டு உருண்டு ஸ்டேட்மென்ட் மேலல்லாம் ஓடுது. எல்லாரும் திரும்பிப் பாக்கானுவ.

"அண்ணே, எங்க ஊர்ல கரண்டு இல்லைன்னு எழுது"ன்னா.

"ஏட்டி, அது அப்படி எழுத முடியாது பிள்ள. உக்காரு, சொல்லுதேன்."

"அந்த ஆபீசர் தம்பி சொல்லிட்டாரு. நீ ஒரு வரி எழுதினா டிரான்ஸ்பார்மர் வருமாம். நீதான் எழுதமாட்டேங்கியாம்."

"நான் மாட்டேங்கலடி. எழுதினா பெருக்கல்ல தப்பாயிரும்."

"பெருக்கல்ல தப்பாயிருமா?"ன்னு கேட்டா. மேசை மேல கிடந்த ஸ்டேட்மென்டை விரலால தொட்டா. பெறவு, "அப்ப உன் பேப்பர்ல எங்க மோட்டார் ஓடுதாண்ணே?"ன்னா.

"பேப்பர்ல ஓடித்தான் ஆகணும் பிள்ள."

"அப்பப் பேப்பர்ல தண்ணி பாயுதா?"

அஞ்சாங் கிளாஸ் படிச்சவ அண்ணாச்சி. அவளுக்குப் போயி சராசரின்னா என்னன்னு நான் எப்படிப் புரிய வைக்க? ஆபீஸ்ல அத்தனை பேரு பாக்கான். எனக்கும் கோவம் வந்துட்டு. "ஒன் ஒருத்தி தோட்டத்துக்காக ஊருக்கெல்லாம் பொய் எழுதச் சொல்லுதியா? நாளைக்கு என் வேலைக்கு யாரு பதில் சொல்லுவா?"ன்னு சத்தம் போட்டுட்டேன். சரின்னு தலையை ஆட்டுனா. அழல. கத்தல. கீழ விழுந்த காயை எல்லாம் குனிஞ்சு ஒவ்வொண்ணா பொறுக்கிப் பைக்குள்ள போட்டா. டீ வந்துச்சு. குடிக்காமப் போயிட்டா. ஆறிப்போன டீயை நான்தான் குடிச்சேன்.

எனக்கு வருத்தம் இல்லைன்னு நெனைக்கீங்களா? இருந்துச்சு. அன்னிக்கு ராத்திரி சாப்பாடு எறங்கல. ஆனா வருத்தம் வேற, கணக்கு வேற. நான் சொல்லுதது சரிதானே?

ஆவணி மாசம் அனுமதி வந்துச்சு அண்ணாச்சி. வந்துச்சு, வராம இல்ல. ஆனா பாருங்க, அனுமதி வார தேதியிலேர்ந்துதான் செல்லும், முந்தின மாசத்துக்குச் செல்லாதுன்னு அடியில ஒரு வரி. அதோட, புது ஊர்ல மீட்டர் மாட்டி ஒரு வருசம் ஓட விட்டுப் பாக்குத வரைக்கும் பழைய ஊரையே வச்சுக்கிடணும்னு இன்னொரு வரி. அவுக சொல்லுததும் நியாயந்தான். திடீர்னு மாத்தினா எதோட எதை ஒப்பிட?

டிரான்ஸ்பார்மர் எப்படி வந்துச்சுன்னு கேக்கீங்களா? சாமுவேல்ராஜ் யார் கையையோ காலையோ பிடிச்சு, வேற கோட்டத்துலேர்ந்து பழசு ஒண்ணைக் கொண்டாந்து மாட்டிட்டான். அதுவும் ஆவணியிலதான். முறைப்படி இல்லைன்னு அவனுக்கு மெமோ குடுத்து வேற எங்கயோ தூக்கிப் போட்டுட்டாவ. நான்தான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே.

ஆனா மரம் அதுக்குள்ள போயிட்டு. நுனியில ஆரம்பிச்ச காய்ச்சல், ஆடியில தூரு வரைக்கும் எறங்கிட்டு. மாப்பிள்ளை மண்ணைக் கிளறி, வேரைக் கீறிப் பாத்திருக்காரு. பச்சை இல்ல. விறகுக்கு வெட்டிக் குடுத்துட்டாரு. எலுமிச்சை விறகு என்ன விலை போகும்? லாரிக்காரன் தூக்கிட்டுப் போனதே பெருசு. அத்தோட வீட்டைப் பூட்டிட்டுத் திருப்பூருக்குக் கிளம்பிட்டாவ. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. நான் இசக்கிக்குத் தாய்மாமன். என் மடியில வச்சுக் காது குத்தின பிள்ள. ஒரு போன் பண்ணிச் சொல்லக் கூடாதா? மனுசன்னா மானரோசம் இருக்காதா எனக்கு?

அந்தக் கேடயம் எங்க கோட்டத்துக்குத்தான் கிடைச்சுது. அதுல எனக்குன்னு தனியா ஒரு சான்றிதழ் வேற. தாமதமில்லாம, திருத்தமில்லாம வருசம் பூரா ஸ்டேட்மென்ட் அனுப்பினதுக்கு. மேடையில கூப்பிட்டு, பொன்னாடை போத்தி, போட்டோ எடுத்தாவ. அதைக் கவருக்குள்ள போட்டு தங்கச்சிக்கு அனுப்பினேன். பதிலே இல்ல. சொந்தக்காரன் ஒருத்தன் மேடை ஏறுதான்னா சந்தோசப்பட வேண்டாமா? உலகம் அப்படி இருக்கு அண்ணாச்சி.

இன்னொண்ணு கேளுங்க, இதுதான் முக்கியம். என் ஸ்டேட்மென்ட்ல மருதடியூரு வருசாவருசம் வளந்துக்கிட்டே வருதுல்லா? அதைத் திட்டப் பிரிவுல பாத்துட்டு, இந்த ஊருக்கு ஒரு டிரான்ஸ்பார்மர் தாங்காதுன்னு, ரெண்டாவதா ஒண்ணு புதுசாவே குடுத்துட்டாவ! யாரும் மனு குடுக்கல. யாரும் கையைப் பிடிக்கல. எல்லாம் புள்ளிவிவரம். போன மாசம் அதை நட்டு முடிச்சதைப் பாக்க நானே போயிருந்தேன். பளபளன்னு நிக்கி.

அப்படியே தோட்டத்துப் பக்கம் ஒரு எட்டு போயிட்டு வந்தேன். இந்த வருசம் ஐப்பசி மழை நல்ல மழை. கிணத்துல தண்ணி மேல வரைக்கும் கிடக்கு அண்ணாச்சி, குனிஞ்சு கையால மோந்துரலாம். மோட்டார் ரூம் கதவைத் தள்ளி சுவிட்சைப் போட்டுப் பாத்தேன். மும்முனைக் கரண்டு, சும்மா ஜம்முனு இருக்கு. மோட்டார் ஓடுது. வாய்க்கால்ல தண்ணி குபுகுபுன்னு போயி, அடிக்கட்டை அடிக்கட்டையா சுத்திக்கிட்டு நின்னுச்சு. யாரோ ஒருத்தன் ஆடு மேச்சுக்கிட்டிருந்தான். "யாருக்குப் பாய்ச்சுதீரு?"ன்னு கேட்டான். நிறுத்திட்டு வந்துட்டேன்.

பஸ் என்னத்துக்கு நிக்கி? ஆளு எறங்குதா? சரி.

இப்ப எதுக்குப் போறேன்னு கேட்டீங்கள்ல. மருதடியூர்ல மத்தவங்க எல்லாம் நிலத்தை சோலார் கம்பெனிக்காரனுக்குக் குடுத்துட்டு, மோட்டார் சர்வீஸை, அதான் கரண்டு கனெக்சனை, திருப்பி ஒப்படைச்சிட்டாவ. அந்த மீட்டர்ல மிச்சம் இருக்கது எங்க மாப்பிள்ளை மோட்டார் ஒண்ணுதான். இப்ப அவரும் எழுதிக் குடுத்திருக்காரு, சர்வீஸ் வேண்டாம்னு. அந்த மனு என் மேசைக்கு வந்துச்சு. அதை ஏத்துக்கிட்டா அந்த டிரான்ஸ்பார்மர்ல ஒரு மோட்டார்கூட இல்லாமப் போயிரும். புது ஊர்ல மீட்டர் மாட்டவே தாமதமாயிட்டு, அதுக்கு இன்னும் ஒரு வருசம் ஆகல. பதம் பாக்க சோறே இல்லாமப் போயிருமே! போன வருசத்தைப் போடக்கூட முடியாது. மீட்டர் ஓடாட்டா போட்டுக்கிடலாம், மோட்டாரே இல்லாட்டா எதை வச்சுப் போட? அதான், மனுவைத் திரும்ப வாங்கிக்கிடுதேன்னு மாப்பிள்ளைகிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துரலாம்னு கிளம்பினேன். தங்கச்சியையும் பாத்த மாதிரி இருக்கும். எத்தனை நாளைக்குத்தான் பேசாம இருக்க?

நேத்து போன் போட்டேன். ஊரை விட்டுப் போனதுலேர்ந்து நான் போட்ட போனை அவ எடுத்ததில்ல. நேத்து எடுத்துட்டா. பின்னால தையல் மிஷின் சத்தம். "முப்பிடாதி, அண்ணன் நாளைக்கு வாரேன் பிள்ள"ன்னேன். என்ன விசயம்னு சொன்னேன். ஊர்ல இப்ப ரெண்டு டிரான்ஸ்பார்மர், கிணறு நிறையத் தண்ணி, ஒண்ணும் செய்ய வேண்டாம், சர்வீஸை மட்டும் விட்டுராதீங்கன்னு சொன்னேன். மிஷின் சத்தம் நின்னுச்சு. வச்சுட்டாளோன்னு நெனைச்சேன்.

பெறவு கேட்டா. "அண்ணே, உன் பேப்பர்ல எங்க மோட்டார் இன்னமும் ஓடுதா?"

நான் பொய் சொல்லுவேனா? "ஓடுது பிள்ள. போன வருசத்தைவிட ஜாஸ்தியாவே ஓடுது"ன்னேன்.

"அப்ப நிறுத்திராதண்ணே"ன்னா. "அங்கயாவது மரம் நிக்கட்டும்."

வச்சுட்டா.

பாத்தீங்களா அண்ணாச்சி? நிறுத்தாதன்னு அவ வாயாலேயே சொல்லிட்டா. கோவம் தணிஞ்சிட்டுன்னுதானே அர்த்தம்? ரத்த பாசம் எங்க போகும்? அவ சொன்னா மாப்பிள்ளை தட்டமாட்டாரு. கையெழுத்துப் போட்டுருவாருல்லா? என்ன, முறுக்கை அப்படியே கையில வச்சிருக்கீங்க.

அந்தப் பக்கம் திரும்பிட்டீங்களே, தூக்கம் வருதா? சரி, தூங்குங்க. திருப்பூரு வந்ததும் நான் எழுப்புதேன்.